எட்டு மாதம் ஒரு குத்துகூடக் கற்றுத்தராத ஆசான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் விடுமுறையில் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் அடிதடியைத் தவிர வேறெதையும் கற்றுத்தருவதில்லை என்று வருந்தி எழுதப்பட்ட வாசகர் கடிதம் ஒன்றைத் தங்கள் நாளிதழில் படித்தேன். எழுதியவரின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பதினொரு வயதுப் பேரனோடு அமர்ந்து அத்தகைய தொடர் ஒன்றை முதல் பகுதியிலிருந்தே பார்த்தவன் என்ற முறையிலும், அந்தக் கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. சண்டைக் கலையை ஒரு சிறுவனுக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்தத் தொடர் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய வேறொன்றைத் திரையில் நான் கண்டதில்லை.

நான் குறிப்பிடுவது டிராகன் பால் என்னும் தொடரை. அகிரா தொரியாமா 1984 முதல் 1995 வரை ஒரு வார இதழில் படக்கதையாக வரைந்ததுதான் மூலம். 1986 பிப்ரவரியில் தொலைக்காட்சித் தொடராக வரத் தொடங்கி 153 பகுதிகள் ஓடியது. தொரியாமா 2024 மார்ச் 1 அன்று, தமது 68ஆம் வயதில் காலமானார். இங்கே பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்தது இதன் தொடர்ச்சியாக வந்த டிராகன் பால் இசட். வானில் பறந்தபடி ஒளிக்கற்றைகளை எறிந்துகொள்ளும் அந்தப் பிற்காலச் சண்டைகளை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கடிதம் எழுதிய அன்பர் கொண்ட எண்ணம்தான் தோன்றும். நான் சொல்ல வருவது அதற்கெல்லாம் முந்தைய கதையைப் பற்றி.

கதையின் நாயகன் கோக்கு, மலைக்காட்டில் தாத்தாவால் வளர்க்கப்பட்டு, அவர் இறந்த பிறகு தனியே வாழும் சிறுவன். வால் முளைத்த பிள்ளை; கையில் வேண்டியபடி நீளும் தடி; ஏறிச் செல்ல ஒரு மேகம். சீனத்தின் பழங்கதையில் பௌத்தத் துறவிக்குத் துணையாக மேற்கு நோக்கிப் பயணம் செய்யும் குரங்கு வீரனின் பெயரைத்தான் ஜப்பானியர் சொன் கோக்கு என்று ஒலிக்கிறார்கள். அந்தத் துறவி வேறு யாருமல்லர். ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்ததாக நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங்தான். இதைச் சொன்னதும் என் பேரன் தன் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை படித்தான்.

கோக்கு, ஆமை முனிவர் என்று அழைக்கப்படும் கிழட்டு ஆசான் ரோஷியிடம் மாணவனாகச் சேர்கிறான். கூடவே, ஒரு மடத்தில் பயின்றுவிட்டு வந்த கிரிலின் என்னும் மொட்டைத்தலைச் சிறுவனும் சேர்கிறான். தொடரின் இருபதாம் பகுதிக்கு முன்னதாக, ஐந்தாறு பகுதிகளுக்குள் இந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் வந்துவிடுகிறது. இன்னும் எட்டு மாதத்தில் உலக அளவிலான சண்டைப் போட்டி. எந்தத் தகப்பனும் எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு குறுகிய காலத்தில் என்ன செய்வார்கள்? எதிரியை வீழ்த்தும் நான்கு உத்திகளைச் சொல்லித்தந்து, அவற்றையே மனப்பாடமாகச் செய்யவைப்பார்கள். அந்த ஆசான் செய்வது வேறு.

முதலில் ஒரு கல்லை எடுத்து அதில் ஆமை என்ற எழுத்தை எழுதிக் காட்டுக்குள் வீசி எறிகிறார். அரை மணி நேரத்துக்குள் அதைத் தேடிக் கொண்டுவருபவனுக்குத்தான் இரவுச் சாப்பாடு. கிரிலின் வேறொரு கல்லில் அதே எழுத்தைத் தானே எழுதிக் கொண்டுவந்து நீட்டுகிறான். கையெழுத்து வேறு என்று ஆசான் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். கோக்குவோ கல்லை மோந்து பார்த்து, வாசனையை வைத்தே தேடுகிறான். கண்ணும் மூக்கும் காலும் ஒன்றாக வேலை செய்யும் இந்த விளையாட்டை நான் பேரனோடு எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஆடிப் பார்த்தேன். சுண்ணாம்பால் குறியிட்ட ஒரு கூழாங்கல்லைக் கண்டுபிடிக்க அவனுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் அவன் குனிந்து நிமிர்ந்ததையும், மேடு பள்ளம் தாண்டியதையும் ஓர் உடற்பயிற்சி அட்டவணையில் எழுதிச் செய்யச் சொல்லியிருந்தால் பத்தாவது நிமிடத்தில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருப்பான்.

அன்றாடப் பயிற்சி விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்குகிறது. பால் விநியோகம்தான் முதல் வேலை. கிழவர் முன்னே ஓட, சிறுவர்கள் இருவரும் பாலைச் சுமந்துகொண்டு சமவெளியில் துள்ளித் துள்ளிச் செல்ல வேண்டும். வரிசையாக நிற்கும் மரங்களின் ஊடே வளைந்து வளைந்து ஓட வேண்டும். குன்றின்மேல் உள்ள வீட்டுக்குப் படிகள் ஏற வேண்டும். ஆற்றின் இழுப்பை எதிர்த்துக் கடக்க வேண்டும். பால் முடிந்ததும் வயல். கலப்பையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. வெறும் கையால் நிலத்தைக் கிளற வேண்டும். அதன் பிறகுதான் காலை உணவு.

உணவு முடிந்ததும் பாடம். பாடம் என்றால் உண்மையாகவே புத்தகம், எழுத்து, எண். உடம்பு மட்டும் வளர்ந்தால் போதாது என்பது அந்த ஆசானின் கொள்கை. கோக்குவுக்கு எண்ணத் தெரியாது. தன் வயது பதினான்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், இங்கே எண்ணக் கற்றுக்கொண்ட பிறகுதான் தனக்குப் பன்னிரண்டு வயது என்று அறிந்துகொள்கிறான். சண்டை கற்க வந்த பிள்ளைக்கு அவன் வயதைத் தெரியவைத்து அனுப்பிய ஆசானை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. பகல் உணவுக்குப் பிறகு மரநிழலில் கட்டாயத் தூக்கம். தூங்கி எழுந்தால் கட்டுமான இடத்தில் மண் வெட்டும் கூலி வேலை. அதற்குப் பிறகு சுறா இருக்கும் நீரில் நீச்சல். கடைசியாக, இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு பிணைக்கப்பட்ட நிலையில், கலைத்துவிடப்பட்ட குளவிகளுக்கு உடலை வளைத்துத் தப்பிக்கும் பயிற்சி. இத்தனையும் ஒரே நாளில். மறுநாளிலிருந்து இதையே முதுகில் 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டைச் சுமந்துகொண்டு செய்ய வேண்டும். பிறகு அந்த ஓடு 40 கிலோ ஆகிறது.

சண்டை முறைகளை எப்போது கற்றுத்தருவீர்கள் என்று சிறுவர்கள் கேட்காமல் இல்லை. ஒரு பெரும் பாறையைக் காட்டி, முதலில் இதை நகர்த்தும் வலிமை வரட்டும் என்கிறார் கிழவர். எட்டு மாதம் ஓடிவிடுகிறது. ஒரு குத்து, ஓர் உதை, ஒரு தடுப்பு முறைகூட அவர் சொல்லித்தரவில்லை. கடைசியில், கற்க வேண்டியதை எல்லாம் கற்றாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார். நாள்தோறும் செய்த வேலைகளிலேயே கையும் காலும் கண்ணும் புத்தியும் பழகிவிட்டன. இனி அவற்றைப் பயன்படுத்திக்கொள்வது அவரவர் பொறுப்பு என்பது அவர் கருத்து. ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்துப் பார்க்கும் சிறுவர்கள் மரங்களுக்கு மேலே எழும்பி, தாங்களே நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்க்கும் அந்தக் காட்சியில், என் பேரன் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

சண்டையில் வெல்வதற்காகவோ, பிறர் மெச்சுவதற்காகவோ இந்தக் கலையைக் கற்கக் கூடாது என்று அந்த ஆசான் வெளிப்படையாகவே சொல்கிறார். உடலும் மனமும் நலமாக இருந்தால் வாழ்க்கையை மகிழ்ச்சியாக வாழலாம், அதற்காகத்தான் பயிற்சி. நியாயமற்ற வலிமை நம்மையோ நல்லவர்களையோ நசுக்க வரும்போது மட்டும் கையை ஓங்கலாம் என்கிறார். நன்றாக உழைப்பதும் படிப்பதும் விளையாடுவதும் உண்பதும் ஓய்வெடுப்பதும் சேர்ந்ததுதான் அவருடைய பயிற்சி முறை. அடிதடியைத் தவிர வேறில்லை என்று எழுதிய அன்பர் இந்தப் பகுதியைப் பார்த்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் கதையாசிரியரின் கற்பனை, நிஜத்தில் எந்த ஆசான் இப்படிச் செய்வார் என்று சிலர் கேட்கலாம். ஒக்கினாவாவில் பிறந்து, 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி ஜப்பானின் பிற பகுதிகளுக்கு அதைக் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனகோஷி, தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர். இரவு நேரங்களில் தம் ஆசான் வீட்டு முற்றத்தில், ஆசானுக்கு மனநிறைவு வரும் வரையில், ஒரே அசைவுத் தொடரைத் திரும்பத் திரும்பச் செய்ததாகவும், ஒரே வகையைச் சேர்ந்த மூன்று அசைவுத் தொடர்களைக் கற்கவே பத்து ஆண்டுகள் ஆனதாகவும் அவர் பதிவுசெய்திருக்கிறார். கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. நானே சிறுவயதில் சிலம்பம் கற்கச் சென்றபோது, எங்கள் ஊர் ஆசான் பல மாதங்கள் கம்பைக் கையில் கொடுக்கவில்லை. காலடி, காலடி, காலடி மட்டும்தான். அந்தி நேரத்தில் களத்துமேட்டில் கோடு கிழித்து, அந்தக் கோட்டின்மீது முன்னும் பின்னும் நடக்கவைப்பார். மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றச் சொல்வார். அவர் நம்மிடம் வேலை வாங்குகிறார் என்று வீட்டில் வந்து அழுதிருக்கிறேன். அறுபது வயதைக் கடந்த இந்த நாளில், ஈரமான படிக்கட்டில் சறுக்கினாலும் விழாமல் நிற்கிறேன் என்றால் அந்தக் காலடிதான் காரணம்.

இந்த நினைவோடுதான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பேரனை ஒரு தற்காப்புக் கலை வகுப்பில் சேர்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம், ஒவ்வொரு தேர்வின் முடிவிலும் ஒரு புதிய வண்ண பெல்ட், ஒரு சான்றிதழ், ஒரு கோப்பை. தேர்வில் தோற்ற பிள்ளை என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஓராண்டில் நான்கு பெல்ட்டுகள் வாங்கிய பேரன், தலை உயரத்துக்குக் காலை வீசி உதைத்துக் காட்டினான். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவனைக் குந்தி உட்காரச் சொன்னேன். குதிகால் தரையில் பதியவில்லை. இரண்டு நொடியில் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தான். வகுப்பை நடத்தியவரிடம் சென்று, பிள்ளைகளுக்கு நிற்கவும் விழவும் முதலில் பழக்கக் கூடாதா என்று பணிவாகவே கேட்டேன். அப்படிச் செய்தால் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். கராத்தே உடையில் பட்டை கட்டும் வழக்கமே ஜூடோவிலிருந்து வந்தது. அந்த ஜூடோவிலும் ஆரம்பத்தில் இன்று நாம் காணும் வண்ண வரிசை கிடையாது. உழைப்பின் அடையாளமாக வந்த ஒன்று உழைப்புக்கு மாற்றாக ஆகிவிட்டது. ஆமை முனிவரின் பள்ளியில் பட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. எட்டு மாத முடிவில் முதுகிலிருந்து ஓடு இறங்கியதுதான் அவர்கள் பெற்ற பரிசு.

அந்தத் தொடரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசான் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் அருவருப்பானது. அதை நகைச்சுவையாகக் காட்டியிருப்பதை எந்தக் காலத்தின் பெயரைச் சொல்லியும் நான் நியாயப்படுத்த மாட்டேன். சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும். அத்தகைய காட்சி வரும்போது இது தவறு என்று அப்போதே சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அதேபோல, முதுகில் எடை சுமப்பதைப் பிள்ளைகள் பின்பற்றவே கூடாது. ஒரு நாள் காலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், என் பேரன் பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் திணித்து மாட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வளரும் எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இது கேடு என்று விளக்கி, அரிசியை இறக்கிவைத்துவிட்டு வெறும் கையோடு ஏறச் சொன்னேன். கதையில் வரும் 20 கிலோ கதைக்கு உரியது. வயதுக்கும் உடலுக்கும் ஏற்ற சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது என்ற அதன் அடிப்படை மட்டும்தான் நமக்கு உரியது.

பிற்காலப் பகுதிகளில் இந்தப் பொறுமை குறைந்துபோனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வளர்ந்த கோக்கு, பூமியைப் போல நூறு மடங்கு ஈர்ப்பு விசை உள்ள விண்கலத்தில் சில நாட்கள் பயிற்சி செய்து மிகப் பெரிய வலிமையைப் பெற்றுவிடுகிறான். வெளியே ஒரு நாள் கழிவதற்குள் உள்ளே ஓராண்டு கழியும் அறை ஒன்றும் வருகிறது. பால் சுமந்த சிறுவனின் வேர்வையில் இருந்த உண்மை அங்கே எனக்குத் தென்படவில்லை. ஆனால் தொடக்கக் கதையில் அந்த உண்மை ஓரிடத்திலும் தவறவில்லை. விண்ணை முட்டும் ஒரு கோபுரத்தின் உச்சியில் கரின் என்னும் பூனை முனிவர் வைத்திருக்கும் நீரைக் குடித்தால் வலிமை பெருகும் என்று கேள்விப்பட்டு, ஒரு கொலைகாரனிடம் தோற்ற கோக்கு அதில் வெறுங்கையால் ஏறுகிறான். பூனை குடுவையைக் கொடுப்பதில்லை. முடிந்தால் பிடித்துக்கொள் என்று விளையாட்டுக் காட்டுகிறது. மூன்று நாள் துரத்திப் பறித்துக் குடித்த பிறகுதான் அது வெறும் தண்ணீர் என்று தெரிகிறது. ஏறியதிலும் துரத்தியதிலும்தான் வலிமை வந்தது. இதே குடுவையைப் பறிக்க அவனுடைய பழைய ஆசானுக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சத்துமாவும் பானமும் குடித்தால் பிள்ளைக்குப் பலம் வந்துவிடும் என்று நாள் முழுக்க விளம்பரம் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, இந்தக் காட்சியை நான் இரண்டு முறை ஓட்டிக் காட்டுவேன்.

எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகான அந்தப் போட்டியில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோக்கு இறுதிச் சுற்று வரை செல்கிறான். எதிரே நிற்பவர் ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேடத்தில் வந்த அவனுடைய ஆசானே. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து உதைக்கிறார்கள். சிறுவனின் கால் குட்டையானது என்பதால் கிழவரின் உதை கூடுதலாகப் படுகிறது. இருவரும் விழுந்து, முதலில் எழுந்து நின்ற கிழவருக்கு வெற்றி. இளம் வயதிலேயே வெற்றி கிடைத்துவிட்டால், தங்களுக்கு மேல் ஒருவரும் இல்லை என்று எண்ணிப் பிள்ளைகள் பயிற்சியை விட்டுவிடுவார்கள். அதைத் தடுக்கவே அவர் வேடமிட்டு வந்தார். தோற்ற கோக்கு அழவில்லை, நடுவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த போட்டியிலும் இறுதிச் சுற்றில் தோற்கிறான். மூன்றாவது முறைதான் வெல்கிறான். சிறுவர்களுக்கான ஒரு வீரக் கதையில் நாயகனை இரண்டு முறை இறுதிச் சுற்றில் தோற்கவைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பள்ளிகளுக்கிடையேயான விளையாட்டுப் போட்டிகளில் தோற்ற பிள்ளைகளையும், அவர்களைவிட அதிகமாகக் கொதித்த பெற்றோரையும் ஆண்டுதோறும் பார்த்த எனக்குத் தெரியும்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் முதலில் எதைக் கேட்க வேண்டும், எத்தனை மாதம் அடிப்படைப் பயிற்சி தரப்படுகிறது, பிள்ளைக்கு விழக் கற்றுத்தருகிறார்களா, தேர்வில் தோற்கவும் இடம் இருக்கிறதா என்பவை குறித்து, அனுபவமுள்ள ஆசான்களைக் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கடிதம் எழுதிய அன்பரும், நேரம் வாய்க்கும்போது, தம் வீட்டுப் பிள்ளையோடு அமர்ந்து அந்த ஐந்தாறு பகுதிகளை மட்டுமாவது பார்க்க வேண்டுகிறேன்.

என் பேரன் அந்த வகுப்பிலிருந்து நின்று ஏழு மாதங்கள் ஆகின்றன. காலையில் என்னோடு நடந்து வந்து பக்கத்துத் தெருவில் பால் வாங்கி, எங்கள் வீட்டுக்கும் நடக்க முடியாத இரண்டு முதியவர்களின் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு வருகிறான். மாலையில் கோடு கிழித்துக் காலடி பழகுகிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை, குதிகால் தரையில் முழுதாகப் பதிய, முதன்முறையாகக் குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.